மகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டாள். எனக்கு ஏன் அழுகை வருகிறது?

தென்மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றிலிருந்து 46 வயதுத் தாய் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். கணவருக்கு லாரி புக்கிங் அலுவலகத்தில் வேலை. மகளுக்கு வயது 21, பி.காம். இறுதியாண்டு. ஆறாம் வகுப்பில் உடற்கல்வி ஆசிரியரின் கண்ணில் பட்டு வாலிபாலுக்கு வந்தவள். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மண்டலம் என்று படிப்படியாக ஏறி, பிளஸ் டூ படிக்கும்போது மாநிலப் பள்ளி அணிக்காகத் தேசியப் போட்டியிலும் ஆடினாள். அதை வைத்துத்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் கட்டணமில்லாமல் கல்லூரியில் இடம் கிடைத்தது. பிறகு பல்கலைக்கழக அணி. அவள் ஆடிய இடம் லிபரோ, அதாவது வேறு நிறச் சட்டை அணிந்து, பந்தைத் தரையில் விழவிடாமல் எடுக்கும் தற்காப்பு ஆட்டக்காரி. "அணியில் மற்றவர்கள் எல்லோரும் நீலம் என்றால் என் மகள் மட்டும் மஞ்சள். கேலரியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாலும் என் கண் நேராக அவளிடம்தான் போகும்" என்று எழுதியிருக்கிறார்.

பள்ளி நாட்கள் முழுவதும் காலை நாலரைக்கு எழுந்து, முட்டை அவித்து, மகளை மொபெட்டில் மைதானத்தில் விட்டு, அவள் முடிக்கும்வரை காத்திருந்து பள்ளிக்கு அனுப்பியவர். கல்லூரி வந்தபின் மகள் விடுதிக்குப் போய்விட்டாலும், போட்டி எந்த ஊரில் நடந்தாலும் இவர் போய்விடுவார். மகள் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது முட்டியில் அடிபட்டது. ஸ்கேனுக்கும் பிசியோதெரபிக்கும் சேர்த்துத் தன் செயினை அடகு வைத்தார். அது மீட்கப்படாமலே போய்விட்டது.

தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டியில் மகளின் அணி காலிறுதியில் தோற்றது. வீட்டுக்கு வந்தவள் ஷூவையும் முட்டி உறைகளையும் துவைத்துக் காயவைத்து, பையில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். "போதும் அம்மா. இனி ஆடப்போவதில்லை. வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன்" என்றாள். அழவில்லை. அன்றிலிருந்து தாய்தான் தையல் மெஷினில் உட்கார்ந்து யாருக்கும் தெரியாமல் அழுதுகொண்டிருக்கிறார். மாமியார், "பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று அன்றைக்கே சொன்னேன்" என்கிறார். கணவரோ, "விளையாடியது அவளா, நீயா? செயின் போனதுதான் மிச்சம்" என்கிறார். மகளுக்குத் தெரியாமல் பயிற்சியாளருக்குத் தொலைபேசியில் பேசி, "நீங்களாவது சொல்லுங்கள் சார்" என்று கேட்டிருக்கிறார். பத்தாம் வகுப்பு படிக்கும் மகனை மைதானத்துக்கு அனுப்பவும் முயன்றிருக்கிறார். அவனோ மாமாவின் பைக் பட்டறையே கதியென்று கிடக்கிறான்.

அவருடைய கேள்விகள் மூன்று. எனக்கு ஏதாவது மனநோயா? இன்னும் ஒரு வருடமாவது அவளை ஆடவைத்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்குமே, வற்புறுத்தலாமா? பத்து வருடமும் வீணா?

கடிதத்தின் கடைசிப் பக்க ஓரத்தில், இடமில்லாமல் நெருக்கி, இன்னொரு வரியும் இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு மனநோய் இல்லை. நீங்கள் துக்கத்தில் இருக்கிறீர்கள். ஆனால் ஊரார் வந்து கேட்கிற துக்கம் இல்லை இது. யாரும் சாகவில்லை, யாரும் பிரிந்துபோகவில்லை, மகள் கண்முன்னே நன்றாகத்தான் இருக்கிறாள். அதனால் அழுவதற்கே உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. கென்னத் டோகா என்ற அமெரிக்க அறிஞர் 1989இல் இத்தகைய துக்கத்தைப் பற்றி ஒரு நூலே கொண்டுவந்தார். சமூகம் 'இது துக்கமே இல்லை' என்று ஒதுக்கும் இழப்புகள்தான் ஆளை உள்ளுக்குள் அதிகம் அரிக்கும் என்பது அவர் சொன்னதன் சாரம். ஆறுதல் சொல்ல வருபவர்கள் இல்லை என்பதோடு, உங்கள் வீட்டில் குத்திக்காட்ட இரண்டு பேர் இருக்கிறார்கள்.

விளையாட்டை நிறுத்தும் வீரர்களைப் பற்றி ஏராளமான ஆய்வுகள் உண்டு. பெற்றோரைப் பற்றி மிகக் குறைவு. 2008இல் பாட்ரீஷியா லாலி, கிரெட்சன் கெர் என்ற இருவர், ஜிம்னாஸ்டிக்ஸை விட்டு விலகிய பெண்களின் பெற்றோரிடம் பேசி எழுதிய கட்டுரை அந்தச் சிலவற்றில் ஒன்று. பிள்ளை ஆட்டத்தை விடும்போது பெற்றோரும் ஒரு மாற்றத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அதன் முடிவு. வேறொரு நாட்டில், வேறொரு விளையாட்டில் இருந்த தாய்தந்தையரும் நீங்கள் இருக்கும் இடத்தில்தான் நின்றிருக்கிறார்கள்.

எதை இழந்தீர்கள் என்று நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. வெறும் ஆட்டத்தை மட்டும் இழக்கவில்லை. நாலரை மணி போயிற்று. இப்போதும் அந்த நேரத்தில் விழிப்பு வந்துவிடுகிறது, எழுந்து என்ன செய்வதென்று தெரியவில்லை என்கிறீர்கள். ஈரோட்டுக்கும் நாகர்கோவிலுக்கும் முன்பதிவில்லாத பெட்டியில் மற்ற அம்மாக்களோடு போன பயணங்கள் போயின. ஒருவர் புளியோதரை, ஒருவர் எலுமிச்சைச் சாதம், நீங்கள் சப்பாத்தி என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்வீர்களாம். யாருடைய பெண் ஆடினாலும் எல்லா அம்மாக்களும் கத்துவீர்களாம். 'லிபரோ அம்மா' என்றுதான் உங்களைக் கூப்பிடுவார்களாம். வீட்டில் மருமகள், மனைவி, தையல்காரம்மா. கேலரியில் மட்டும் வேறு ஒருத்தி. கல்யாணத்துக்குப் பிறகு யாரிடமும் காரணம் சொல்லாமல் நீங்கள் ஊர்விட்டு ஊர் போனது இந்தப் போட்டிகளுக்காக மட்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மகள் பரண்மேல் ஏற்றிய பையில் இதுவும் சேர்ந்து போய்விட்டது. அழாமல் என்ன செய்வீர்கள்?

அழுங்கள். ஆனால் இந்த அழுகையின் காரணத்தை மகளின் முடிவோடு முடிச்சுப் போடாதீர்கள். நீங்கள் செய்யும் தவறு அங்கேதான் தொடங்குகிறது.

திடீர் முடிவு இல்லை

'ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிட்டாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பக்கத்திலேயே, முட்டி அடிபட்டபோது 'இந்த வருடத்தோடு நிறுத்திக்கொள்ளட்டுமா' என்று அவள் கேட்டதையும், நீங்கள் அதைக் காதில் வாங்காதது போல் இருந்துவிட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் ஆடியிருக்கிறாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவி நடுவில் நிறுத்தினால் கல்லூரியில் கேள்வி வரும் என்பது அவளுக்குத் தெரியும். அம்மா உடைந்துபோவாள் என்பதும் தெரியும். கொடுத்த வாக்கை முடித்துவிட்டு, அணியை நடுவில் விடாமல், கடைசிப் போட்டியையும் ஆடிவிட்டு நிறுத்தியிருக்கிறாள். இதைவிட ஒழுங்காக ஒருவர் விளையாட்டை விட முடியாது.

அவள் அழாததை நீங்கள் கல்மனமாகப் பார்க்கிறீர்கள். அவள் தன் அழுகையை முன்பே அழுது முடித்திருக்கலாம். விடுதி அறையில், உங்களுக்குத் தெரியாமல். ஷூவைத் துவைத்துக் காயவைத்துத்தான் ஏற்றினாள் என்று எழுதியிருக்கிறீர்களே, வெறுத்துப்போனவள் அப்படியா செய்வாள்?

உச்சியில் இருக்கும்போதே விடுபவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி பார்ட்டி 2022 மார்ச்சில், உலகின் முதல் நிலை டென்னிஸ் வீராங்கனையாக இருந்தபோதே, சொந்த நாட்டுப் பட்டத்தை வென்ற இரண்டே மாதங்களில், 25 வயதில் ஓய்வை அறிவித்தார். கொடுக்க இனி என்னிடம் ஒன்றுமில்லை என்ற பொருளில்தான் பேசினார். உலகம் அவரைத் தோற்றவர் என்று சொல்லவில்லை.

இன்னும் ஒரு வருடம் ஆடினால் வேலை கிடைக்குமா?

இது உணர்ச்சி சார்ந்த கேள்வி இல்லை, கணக்கு. கணக்காகவே பார்ப்போம். உங்கள் மனத்தில் இரண்டு தவறான எண்ணங்கள் இருக்கின்றன. ஆட்டத்தை நிறுத்தினால் சான்றிதழ்கள் செல்லாக்காசாகிவிடும் என்பது ஒன்று. இன்னொரு வருடம் ஆடினால் வேலை உறுதி என்பது மற்றொன்று.

மத்திய அரசுத் துறைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டு நியமனத்துக்குத் தனித்தனிச் சான்றிதழ்ப் படிவங்கள் உண்டு. நாட்டுக்காக ஆடியவர்களுக்குப் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவர்களுக்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர்களுக்குப் படிவம் 3, மாநிலப் பள்ளி அணிக்காகத் தேசியப் பள்ளிப் போட்டியில் ஆடியவர்களுக்குப் படிவம் 4. உங்கள் மகள் மூன்றுக்கும் நான்குக்கும் உரியவள். அவள் நேற்று நிறுத்தினாள் என்பதற்காக ஆடிய ஆட்டம் இல்லையென்று ஆகிவிடாது. வயது வரம்பில் ஐந்து ஆண்டுகள் வரை தளர்வும் உண்டு. அதனால் இப்போது உடனடியாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான்: இறுதித் தேர்வு முடிந்து கல்லூரியை விட்டு வெளியேறுமுன், பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் படிவம் 3-இல் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பள்ளிக்கால ஆவணம் கையில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். படித்து முடித்து மூன்று வருடம் கழித்து அதே அலுவலகத்துக்கு அலைவது தனி வேதனை. ஆனால் ஓர் எச்சரிக்கை. 'சொல்லுங்கள்' என்றேன், நீங்களே போய் வாங்கச் சொல்லவில்லை.

அடுத்தது ரயில்வே. ரயில்வேயின் கதை வேறு. நடப்பு ஆண்டிலும் அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகளிலும் செய்த சாதனையைத்தான் பொதுவாக அங்கே கணக்கில் எடுக்கிறார்கள். ஆடிக்கொண்டிருப்பவராகவும் இருக்க வேண்டும், தகுதித் தேர்வு ஆட்டத்திலும் தேற வேண்டும். கலந்துகொண்டதை மட்டும் பார்ப்பதில்லை. எந்தப் போட்டியில் எத்தனையாவது இடம் என்று பார்க்கிறார்கள். தென்மண்டலக் காலிறுதி அதற்குப் போதாது. தேசிய மகளிர் வாலிபாலை நீங்கள் என்னைவிட நன்றாகப் பின்தொடர்ந்திருப்பீர்கள். பல ஆண்டுகளாக அங்கே கேரளமும் ரயில்வேயும்தான் ஒன்றை ஒன்று எதிர்த்து நிற்கின்றன. அந்த மட்டத்து அணியில் லிபரோவுக்கு இடம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அந்த ஒரு இடத்துக்கு எத்தனை ஊர்களிலிருந்து எத்தனை பெண்கள் வருகிறார்கள்! அடிபட்ட முட்டியோடு, மனமில்லாத ஒரு வருடத்தை ஆடி அந்த இடத்தைப் பிடிப்பது நடக்கக்கூடியதா என்று தாயாக இல்லாமல், பத்து வருடம் ஆட்டம் பார்த்தவராக யோசியுங்கள். விடை உங்களுக்கே தெரியும்.

தமிழக அரசுப் பணிகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அது பெரிய போட்டிகளில் சாதித்தவர்களை மனத்தில் வைத்து வந்தது. அவள் தகுதி அதில் பொருந்துமா என்பதை ஒவ்வோர் அறிவிப்பு வரும்போதும் நிபந்தனையைப் படித்துத்தான் சொல்ல முடியும். இடைத்தரகர் யாராவது 'கோட்டாவில் போட்டுத் தருகிறேன்' என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். செயின் போனது போதும்.

அவளே விரும்பினால் வேறு வாசல்களும் இருக்கின்றன. முதுகலையில் சேர்ந்தால் மறுபடியும் பல்கலைக்கழக அணிக்கு ஆட வழி உண்டு. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனம் பயிற்சியாளர்களுக்கான பட்டயப் படிப்பும், ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் நடத்துகிறது. சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இதையெல்லாம் அவளுக்கு ஒரு முறை சொல்லலாம். ஒரு முறை மட்டும். சாப்பாட்டுத் தட்டில் தினமும் பரிமாறக் கூடாது. 21 வயதில் அவள் சட்டப்படியும் பெரியவள், லிபரோவாக ஆடிய அனுபவத்தாலும் பெரியவள். எதிரணி அடிக்கும் பந்து எங்கே விழும் என்று அரை நொடியில் முடிவெடுத்துப் பாய்ந்தவளுக்குத் தன் வாழ்க்கையில் எங்கே நிற்பது என்று முடிவெடுக்கத் தெரியாதா?

பயிற்சியாளருக்குப் போன தொலைபேசி

இதை நீங்களே மகளிடம் சொல்லிவிடுங்கள், இந்த வாரமே. பயிற்சியாளர்கள் எதையும் வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வேறு வழியாகத் தெரிந்தால், தன் முதுகுக்குப் பின்னால் அம்மா ஆள் வைத்தாள் என்றாகிவிடும். எப்படிப் பேசுவது என்று தயங்குவீர்கள். இவ்வளவு போதும்: "நீ நிறுத்தியது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்தப் பதற்றத்தில் சாருக்கு ஃபோன் செய்துவிட்டேன். அது தப்பு. இந்தக் கஷ்டம் என்னுடையது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ திரும்ப ஆடவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வற்புறுத்தலாகத்தான் அவள் காதில் விழும்.

மகனை விட்டுவிடுங்கள். அக்கா ஆடிய பத்து வருடமும் அந்த வீட்டின் நேரம், பணம், பேச்சு எல்லாம் அவளைச் சுற்றியே இருந்திருக்கிறது. அவன் அதைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவன். இப்போது காலியான இடத்தில் அவனைக் கொண்டுபோய் நிறுத்தினால், 'அக்கா இல்லாததால் நான்' என்று அவனுக்குப் புரியாமல் இருக்காது. அவனுக்கு வந்திருக்கும் ஈடுபாடு பைக் பட்டறையில் இருக்கிறது. ஒரு நாள் மாலையில் பட்டறைக்குப் போய் அவன் என்ன கழற்றுகிறான் என்று பாருங்கள். கார்புரேட்டரைப் பற்றி அவன் சொல்வது உங்களுக்குப் புரிய வேண்டும் என்று அவசியமில்லை. வாலிபாலின் சுழற்சி முறையும் முதல் வருடம் உங்களுக்குப் புரியவில்லை என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்?

எதைக் கவனிக்க வேண்டும்

மகள் காலை ஏழரைவரை தூங்குகிறாள், எடை கூடிவிட்டது, கையும் ஃபோனுமாக இருக்கிறாள் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறீர்கள். பத்து வருடம் விடியலுக்கு முன் எழுந்தவள் இரண்டு மாதம் தூங்கட்டுமே! ஆனால் தினமும் மணிக்கணக்கில் ஓடி, பாய்ந்து, விழுந்து பழகிய உடம்பு ஒரேயடியாக நின்றால் தூக்கமும் பசியும் மனநிலையும் கொஞ்சம் தடுமாறும் என்பது உண்மை. வாரத்தில் சில நாள் நடை, சைக்கிள் என்று ஏதாவது வைத்துக்கொள்வது நல்லது. அதை நீங்கள் சொல்வதைவிட அவளுடைய பிசியோதெரபிஸ்ட் முட்டிக்காகச் சொல்லும்போது அவள் கேட்பாள். ஆட்ட நாட்களின் அளவிலேயே நீங்கள் தட்டை நிரப்புவதையும் குறைக்கலாம். எடை கூடியதில் அவித்த முட்டைகளுக்கும் பங்கு இருக்கும்.

நான் கவலைப்படுவது வேறு அறிகுறிகளுக்கு. இரண்டு வாரத்துக்கு மேலாக நாளின் பெரும்பகுதி சோர்ந்தே இருப்பது, படிப்பு, தோழிகள், சாப்பாடு என்று எதிலும் நாட்டமில்லாமல் போவது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்பது, சாவைப் பற்றிய பேச்சு. இவை தெரிந்தால் காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416, தமிழ்நாட்டில் 104 எண்ணும் இருக்கிறது. இரண்டிலும் தமிழில் பேசலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மகளிடம் இவை இல்லை. வங்கித் தேர்வுக்குப் புத்தகம் வாங்கியிருக்கிறாள், தோழியோடு சேர்ந்து படிக்கிறாள், தம்பியோடு சண்டை போடுகிறாள். நல்ல அறிகுறிகள்.

இதே பட்டியலை உங்கள் மேலும் வைத்துப் பாருங்கள். இரண்டு மாதமாகத் தினமும் அழுகிறீர்கள். ஆனால் துணி வாங்குகிறீர்கள், சொன்ன நாளில் தைத்துக் கொடுக்கிறீர்கள், சமைக்கிறீர்கள், இவ்வளவு நீளமாகக் கோர்வையாகக் கடிதம் எழுதுகிறீர்கள். அதனால்தான் இது நோயில்லை என்று சொன்னேன். வேலையும் சாப்பாடும் தூக்கமும் குலையத் தொடங்கினால், அல்லது இன்னும் சில வாரங்களில் கனம் குறையாவிட்டால், மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. 14416 உங்களுக்கும்தான்.

செயின் கணக்கு

கணவர் 'செயின் போனதுதான் மிச்சம்' என்றதும் நீங்கள் பதில் பேசவில்லை, பத்து வருடமும் வீணா என்று என்னிடம் கேட்கிறீர்கள். கணக்கென்று வந்துவிட்டால் முழுசாகப் போடலாம். மூன்று வருடப் பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணம் கட்டவில்லை. விடுதியில் சாப்பாட்டுக்கும் பணம் வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கல்லூரியின் சாதாரணக் கட்டணத்தைக் கணவரிடம் விசாரித்து வரச் சொல்லுங்கள், செயினோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். முட்டிக்காகச் செலவானதை விளையாட்டுச் செலவில் எழுதுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளைக்கு அடிபட்டால் செயினை அடகு வைக்கும் தாய், அவள் மாடிப்படியில் விழுந்திருந்தாலும் வைத்திருப்பாள்.

கணவர் மேல் எனக்கு முழுக் கோபமில்லை. அவர் ஒரே ஒரு போட்டிக்குத்தான் வந்தார், அதுவும் பாதியில் போய்விட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்து வருடத்தில் அவருக்கு என்ன பங்கு இருந்தது என்று அவரே நினைத்துப் பார்த்திருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். குத்தலாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் எதையும் இழக்காதவர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாமியாரைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. பேத்தி தேசியப் போட்டிக்குப் போனபோது தெருவில் எல்லோரிடமும் சொன்னவரும் அவர்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பணத்தைத் தாண்டியும் ஒரு கணக்கு இருக்கிறது. லிபரோ புள்ளி எடுப்பதில்லை. வலைக்கு மேலே எழும்பி அடிக்க விதி அனுமதிப்பதில்லை. 1998இல் சர்வதேச ஆட்டத்தில் இந்த இடத்தைக் கொண்டுவந்ததே பந்தைத் தரையில் விழவிடாமல் எடுப்பதற்காகத்தான். பேர் இன்னொருத்திக்குப் போகும், சிராய்ப்பு இவளுக்கு. பத்து வருடம் மகள் அந்த இடத்தில் மனக்குறையில்லாமல் ஆடியிருக்கிறாள் என்றால், கோப்பையில் பெயர் பொறித்தால்தான் பலன் என்று அவள் வளரவில்லை. நீங்கள் அவளைவிடக் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஓரத்தில் எழுதிய வரி

கடைசிப் பக்கத்து ஓரத்தில் நெருக்கி எழுதிய வரிக்கு வருகிறேன். "நானும் எட்டாவது படிக்கும்போது எறிபந்து ஆடினேன். பெரியவளானதும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். இது சும்மா சொன்னேன்."

சும்மா சொன்ன வரி இல்லை இது. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது இதைத்தான். உங்களுடைய ஆட்டத்தை மற்றவர்கள் நிறுத்தினார்கள், உங்களை ஒரு வார்த்தை கேட்காமல். அதனால்தான் மாமியார் முதல் பயிற்சியாளர்வரை யார் தடுத்தாலும் மகளின் ஆட்டம் நிற்கக் கூடாது என்று பத்து வருடம் மல்லுக்கு நின்றீர்கள். வென்றும் விட்டீர்கள். அவளை யாரும் நிறுத்தவில்லை. அவளே நிறுத்திக்கொண்டாள். 'போதும்' என்று சொல்லும் உரிமை உங்களுக்கு 13 வயதில் கிடைக்கவில்லை, 'வேண்டும்' என்று சொல்லும் உரிமையும் கிடைக்கவில்லை. அவளுக்கு இரண்டும் கிடைத்திருக்கின்றன. அவளுடைய முடிவை உங்கள் பழைய இழப்போடு ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, மறுபடியும் ஒரு பெண்ணின் ஆட்டம் பறிபோய்விட்டதாக நினைத்து அழுகிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. இரண்டும் வேறு வேறு. எட்டாம் வகுப்பில் நின்றுபோனதற்காக அழ வேண்டியிருந்தால் அதற்காகத் தனியாக அழுங்கள், அந்த அழுகைக்கு மகள் பொறுப்பில்லை. முடிந்தால் அந்தக் கதையை அவளிடம் சொல்லுங்கள். இத்தனை வருடத்தில் சொன்னதாக எங்கும் எழுதவில்லை.

இனி என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். திரும்பச் சேருங்கள். அவர்களில் பாதிப்பேரின் பெண்களும் இந்த வருடமோ அடுத்த வருடமோ நிறுத்தப்போகிறவர்கள்தான். ஊரில் மின்னொளிப் போட்டி நடந்தால் போய்ப் பாருங்கள். மகள் வந்தால் வரட்டும், வராவிட்டால் நீங்கள் போங்கள். ஆட்டம் உங்களுக்குப் பிடிக்கும், அதற்கு மகள் ஆடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. உடம்பு ஒத்துழைத்தால் மாவட்ட அளவிலான மூத்தோர் தடகளப் போட்டிகளும் இருக்கின்றன. 46 வயதுப் பெண்கள் வேகநடையும் குண்டெறிதலும் செய்வதை ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது. பெண்கள் அணியை வெளியூர் அழைத்துப்போக உடன் ஒரு பெண் துணை வேண்டும். உடற்கல்வி ஆசிரியர் ஆணாக இருக்கும் சிறிய பள்ளிகளில் துணைக்கு ஆசிரியை யாரும் கிடைக்காமல், 'பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப மாட்டோம்' என்று பெற்றோரும் மறுத்து, நன்றாக ஆடும் பிள்ளைகள் குறுவட்டத்தோடு நின்றுபோவதை நான் கேள்விப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். உங்களுக்கோ எந்த ஊரில் எந்த மைதானம், எங்கே கழிப்பறை சரியில்லை, எந்த ரயிலில் கூட்டம் குறைவு, மாதவிலக்கு நாளில் ஆட வேண்டிய பெண்ணுக்கு என்ன தேவை, எல்லாம் அத்துப்படி. பத்து வருடப் படிப்பு அது. மகளைக் கண்டுபிடித்த உடற்கல்வி ஆசிரியர் இன்னும் அதே பள்ளியில்தான் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளி திறந்ததும் அணித் தேர்வு தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரு நாள் போய், துணைக்கு வரத் தயார் என்று சொல்லுங்கள். தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரின் ஒப்புதல் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். போகுமுன் மகளிடம் தகவலாகச் சொல்லிவிட்டுப் போங்கள். அவள் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.